எட்டுக் கல் தாங்கும் ஆயில்

கோமதிநாயகத்தின் ஸ்கூட்டரில் பின்சீட்டு காலியாக இருந்ததே இல்லை. அங்கே ஒரு மெஷின் கட்டியிருக்கும். பதினெட்டுக் கிலோ. மனைவியை அதில் ஏற்றி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அம்மாள் பஸ்ஸில் போய்க்கொள்வாள்.

மெஷினில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. மோட்டார் ஒரு எஃகு வளையத்தைச் சுழற்றும். கீழே சின்னக் கிண்ணத்தில் ஆயில். சுற்றுகிற வளையத்தின் மேல் ஒரு எஃகு உருளையை வைத்து, அதோடு சேர்ந்த கம்பியில் எடைக்கல்லை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு அழுத்த வேண்டும். சாதாரண ஆயில் என்றால் மூன்றாவது கல்லுக்கே உலோகம் கத்தும், மோட்டார் நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் உருளை தேய்ந்து விரல்நகம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். கோமதிநாயகம் விற்கிற கியர்பாக்ஸ் ஆயில் எட்டுக் கல் தாங்கும். பள்ளம் கடுகளவு. பதினோரு வருஷமாகச் செய்து காட்டுகிறார். இன்றைக்கும் எட்டாவது கல்லைத் தொங்கவிடும்போது அவருக்கே கொஞ்சம் புல்லரிக்கும். அவர் அந்த ஆயிலை நம்பினார். விற்பனைக்காரர்களில் இது அபூர்வமான கோளாறு.

இந்த மாதம் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. மாதம் முடிவதற்குள் ஒன்றாவது பிடிக்காவிட்டால் ஒன்றாம் தேதி வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் மிச்சம் இருந்தது இந்த முப்பதாம் தேதி மட்டும்தான். நாற்பத்தொன்பது வயது ஆளை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்?

காலையில் பென்னலூரில் ஒரு கம்பெனி. மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் சுப்பிரமணி உள்ளூர்க்காரர். கையைக் கட்டிக்கொண்டு எட்டுக் கல்லையும் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிந்ததும் பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் பெண்ணிடம் திரும்பினார்.

"அமலா, உன் பையில ஷாம்பு கீதா?"

அமலா ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். பையில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரமாகவே இருந்தன. நாலைந்தைக் கிழித்து, துடைத்த கிண்ணத்தில் பிழிந்தாள்.

"சார், அது தலைக்குத் தேய்க்கதுல்லா" என்றார் கோமதிநாயகம்.

"கல்லைப் போடுங்க சார்."

புது உருளையை மாட்டி, போட்டார். மூன்று. கத்தவில்லை. ஐந்து. எட்டு. நுரை வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. ஒன்பது. பத்து. பெட்டியில் அதற்கு மேல் கல் இல்லை. உருளையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தைத் தேட வேண்டியிருந்தது.

"போன வருசம் வேற ஒருத்தர் இதே மாதிரி மெஷினைத் தூக்கினு வந்தாரு. அவுருக்கும் இதைத்தான் ஊத்திக் காட்டினோம்" என்றார் சுப்பிரமணி. "இதைப் போயி கியர்பாக்ஸ்ல ஊத்தினா ஒரே வாரத்துல துரு புடிச்சி நாறிப்பூடும். ஆனா உங்க மெஷின்ல பத்து கல்லு தாங்குது. அப்போ இத வச்சி நான் இன்னா முடிவு பண்றது? உங்க ஆயிலு நல்ல ஆயிலாவே இருக்கலாம் சார். மூணு மாசம் வண்டில ஓட்டி, தொறந்து, கியர் பல்லைப் பாத்தாதான் தெரியும். ஒரு கேன் வுட்டுட்டுப் போறீங்களா?"

"மூணு மாசமா?"

"அதுக்குக் கம்மில தெரியாது."

கோமதிநாயகத்திடம் ஒரு மத்தியானம்தான் இருந்தது.

ஒரகடம் போகிற வழியெல்லாம் அவருக்குக் கோபம். ஷாம்பு மேல் இல்லை, சுப்பிரமணி மேலும் இல்லை. பதினோரு வருஷத்தில் அந்தக் கிண்ணத்தில் வேறு எதையாவது ஊற்றிப் பார்ப்போம் என்று ஒரு நாளாவது தோன்றாத தன் புத்தி மேல்தான்.

ஒரகடம் கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர் கவிப்பிரியா. முப்பது வயதிருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப்போட்டாள். எட்டாவது கல்லில் கோமதிநாயகத்துக்குப் புல்லரிக்கவில்லை.

"செம சார்" என்றாள். "இதைவிட நல்லா தாங்கறது வேற எதுனா இருக்கா?"

எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விதான். இல்லை என்பார், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் சொல்வார். இன்று வாயைத் திறந்தார், அது வரவில்லை.

"ஷாம்பு தாங்கும் மேடம்" என்றார். "பத்துக் கல்லு."

கவிப்பிரியா அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள், அவரும் சிரித்தார். "இப்டி காமெடி பண்ற சேல்ஸ் ஆளை நான் பாத்ததே இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு டிரம்முக்கு ஆர்டர் அடித்து, பிரிண்ட் எடுத்தாள்.

காமெடி இல்லை மேடம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டே, இன்னும் சிரிப்பு அடங்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கோமதிநாயகமும் சிரித்தார்.