இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. "எங்க பெரியம்மா பிள்ளைச்சாவடியில ஏலம் கூவுனவங்க. அவங்களுக்கு மூச்சு வாங்குனா மீனு வெல ஏறும்" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் வேறு கிராக்கி வந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆட்கள், பேச்சு, 1958 என்ற ஆண்டு, மீதி எல்லாமே என் கைச்சரக்கு. பெரியம்மாவுக்குச் செல்வாம்பாள் என்று பெயர் வைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மார்கழிப் பனியில் செல்வாம்பாளின் நெஞ்சு கொல்லன் துருத்தி போல…"

அடித்துவிட்டேன். மூச்சிழுப்பு என்றதும் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த பத்தியில் இருமல், அதற்கடுத்த பத்தியில் பாடை.

"ஐயோ பாவம், அந்தப் பெண்…"

இதற்கு மேல் பேனா நகரவில்லை. கரையில் அவள் வந்து நின்றாலே வியாபாரிகள் மடிப் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவளையா பாவம் என்பது? நேராக ஏலத்துக்கே போய்விடலாம்.

3

படகு வந்துவிட்டது. மணலில் மீனைக் கொட்டியாயிற்று. வியாபாரிகள் வட்டம் கட்டி நிற்கிறார்கள். பெரிய வியாபாரிகள் வாய் திறந்து விலை கேட்க மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலை நீட்டுவார்கள். கூவுகிறவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.*

"ஒரு தரம்… ரெண்டு தரம்…"

அங்கே செல்வாம்பாளுக்கு நெஞ்சு இறுகிவிடும். உள்ளே போன காற்று வெளியே வராது. நின்றுவிடுவாள்.

பெரிய மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிற தணிகாசலத்துக்கு அது தெரியாது. ஏன் நிறுத்திவிட்டாள்? நம் முதுகுக்குப் பின்னால் எவனோ விரல் நீட்டியிருக்கிறான்! பதறிப்போய்த் தன் விலையைத் தானே ஏற்றிவிடுவார். பக்கத்தில் நிற்பவர் அவருக்கும் மேலே போவார். படகுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவளைப் போல ஏலக்காரி இந்தக் கடற்கரையிலேயே இல்லை என்று பேராகிவிட்டது.

அவளுக்கோ உள்ளே ஒரே பயம். இழுப்பு என்று தெரிந்தால் கூவுகிற உரிமை போய்விடும். அவள் வீட்டு உலை கொதிப்பது அதனால்தான். அதைவிட, கூவினால்தான் அவளுக்கு அவள் செல்வாம்பாள்.

(* இந்த வழக்கம் என் கதையின் கரையில் இருப்பது. நிஜக் கரையில் போய்த் தேடி என்னைத் திட்டாதீர்கள்.)

4

ஒரு நாள் நின்ற மூச்சு திரும்பவில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வியாபாரிகளின் கண்ணும் பட்டால் என்ன ஆகும்? கண்ணேறுதான் என்று முடிவுகட்டிய பெண்கள், தூபக்காலில் கை நிறையச் சாம்பிராணியைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆளையே முடித்திருப்பார்கள்.

வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சில் படித்த டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூஸ்மான், அம்மா, தூஸ்மான். மெதுவா. உள்ள இழுக்கப் பாக்காதீங்க, வெளிய விடுங்க. சூடு கஞ்சிய ஊதற மாதிரி ஊதுங்க."

சின்ன வெள்ளை மாத்திரையும் கொடுத்தார். நெஞ்சு லேசாக இறுகும்போதே போட்டுக்கொள்ள வேண்டும், குரல் போகிறவரை காத்திருக்கக் கூடாது என்றார்.

[இந்த இடத்தில் இழுப்பு நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். செல்வாம்பாள் என்னைவிடச் சுருக்கமாகக் கற்றுக்கொண்டாள்.]

கருவாடு காய்கிற பக்கம் நெடி மூக்கில் ஏறாதபடி காற்று வருகிற புறமாக நடந்தாள். வீட்டில் சாம்பிராணிக்குத் தடை போட்டாள். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படகு வருவதற்கு முன்பே மெல்ல நடந்து கரைக்கு வந்தாள். பனி நாளில் தலையோடு மூக்கையும் சேர்த்துப் போர்த்தினாள். மாத்திரை போட்டால் கை உதறும், முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

இழுப்பு போய்விடவில்லை. எப்போது வரும், வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

5

இப்போதுதான் வம்பே. மூன்று தரமும் கணீரென்று, தடையில்லாமல் வந்தன. விலை ஏறவில்லை!

பெரிய படகுக்காரர் பஞ்சநாதன் வீடு தேடி வந்தார். அவள் புருஷனுக்குத் தாய்மாமன் என்பதால் இழுப்பு விஷயம் அவருக்குத் தெரியும்; கரைக்கு இன்னும் அது கண்ணேறுதான்.

"செல்வாம்பா, முன்ன மாதிரி ரெண்டாவது தரத்துல கொஞ்சம் நின்னுதான் பாரேன்."

"இழுப்பு வந்தா நிப்பேன் மாமா."

"வரலன்னா?"

"வரலன்னா எதுக்கு நிக்கணும்?"

பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வேற ஆள கூவ வெக்கலாம்னு படகுக்காரங்க பேசிக்கிறாங்க. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

"வந்த இழுப்ப மறைச்சேன். அது பயம். வராத இழுப்ப வந்ததா காட்டச் சொல்றீங்க. அது களவாணித்தனம். வேற ஆளத்தான் பாருங்களேன்."

(அவள் ஒத்துக்கொள்வதாகவும் எழுதிப் பார்த்தேன். அதில் அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைகூட அவளுடையதாக இல்லை. மேலே உள்ள பதிலை எழுதியதும் எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கப்படவில்லை.)

மறுநாள் மீனைக் கொட்டியதும் ஊர் கேட்கச் சொன்னாள்:

"எனக்கு இழுப்பு இருக்குது. ரெண்டாவது தரத்துல நின்னேன்னா மூச்சுக்கு நிக்கிறேன். எவனும் வெரலு காட்டல. மூச்சு வந்ததும் மூணாவது சொல்லுவேன். நடுவுல யாரு வெல ஏத்துனாலும் எடுத்துக்க மாட்டேன்."

தணிகாசலம் வாயைப் பிளந்தார். இத்தனை நாளாகத் தன்னோடு தானே போட்டி போட்டிருக்கிறார்!

6

அன்று பஞ்சநாதனின் மீன். அந்த வருஷத்திலேயே பெரிய மீன்பாடு.

"ஒரு தரம்… ரெண்டு தரம்…"

நிஜமாகவே வந்துவிட்டது. செல்வாம்பாள் நின்றாள். இடுப்பில் முடிந்திருந்த மாத்திரையை வாயில் போட்டாள். முழங்காலில் கையூன்றிக் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினாள். பெண்டாட்டி பேச்சுக்குக்கூட வாயை மூடாத ஆட்கள் அத்தனை பேரும் அவள் மூச்சுக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது கடலூரிலிருந்து வந்த புது வியாபாரி, விஷயம் தெரியாமல், துண்டுக்கு வெளியிலேயே விரலைத் தூக்கினான். விலை ஏறுகிறது. எல்லாரும் பஞ்சநாதனைப் பார்த்தார்கள். மீன் அவருடையது.

அவர் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்குவதாக ஒரு முறை எழுதினேன். தடுக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக ஒரு முறை. செல்வாம்பாளின் கூவலை அன்றோடு பறித்துவிடுவதாகவும் ஒரு முறை. மூன்றும் அவருக்குப் பொருந்துகின்றன. வாசகரே, உங்களுக்குத் தெரிந்த பஞ்சநாதன்களை வைத்து நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

செல்வாம்பாள் விஷயத்தில் உங்களுக்கு வேலையில்லை. எனக்கும்தான். புது விலையை அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். மூன்றாம் தரத்தை நான் எழுதப்போவதும் இல்லை, அது அவள் வாயால் வர வேண்டியது.

மூச்சு வரட்டும். சொல்லுவாள்.