சம்பளச் சான்று

தேய்ந்த டயரைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. மனைவி ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். இரண்டு சம்பளம் வந்தும் இருபதாம் தேதிக்கு மேல் வீட்டில் எல்லாமே கடன்தான்.

உதவித்தொகை அலுவலகத்தில் தரை துடைக்கும் நாத்தனார்தான் விஷயத்தைச் சொன்னாள். வேலைக்குப் போயும் வருமானம் போதாத குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறதாம். இவர்களுக்கு மூன்று வருஷமாகவே தகுதி உண்டாம். கேட்க ஆளில்லாமல் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகத் தூசி படிந்து கிடக்கின்றனவாம்.

மனைவி ஒரு விண்ணப்பத்தை வாங்கிவந்து கணவனிடம் நீட்டினாள். அவன் தொடவில்லை.

“கை கால் விளங்காதவன் வாங்கறது அது. எனக்கென்ன கேடு?”

வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்று அவள் வரி வரியாகப் படித்துக் காட்டினாள். அதைவிட அவனை உறுத்தியது கடைசிப் பக்கம். அதில் முதலாளி சம்பளத்தை எழுதி முத்திரை வைக்க வேண்டும். அந்த ஆள் முன்னால் போய்ப் பல்லிளிக்க முடியாது என்றான். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி வாங்க வழியில்லை என்று அவள் நினைவுபடுத்தினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பிள்ளை கண்ணு போனாலும் பரவாயில்ல, உங்க கௌரவம் போகக் கூடாது. அப்படித்தானே?”

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான்.

மறுநாள் மதியம் அவளே பட்டறைக்குப் போனாள். ரப்பர் தூசியில் ஒரே கறுப்பாய் இருந்த ஆட்களுக்குள் கணவனைக் கண்டுபிடிக்கவே சற்று நேரமாயிற்று. அவன் இவளைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். அதனால், அவள் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்து முதலாளி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

“என்னம்மா, புருஷன் சம்பளம் பத்தலைன்னு ஊரெல்லாம் கையேந்தக் கிளம்பிட்டியா?”

“பத்தலைன்னு நான் சொல்லலைங்க. நீங்க குடுக்கறதைப் பார்த்து அரசாங்கமே சொல்லுது.”

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். முதலாளி காகிதம் கிழிந்துவிடும்போல முத்திரையைக் குத்தி, மேஜையில் வீசினார். அவள் அதை எடுத்து மடித்துக்கொண்டு, கணவன் பக்கம் பார்க்காமலே நடந்தாள்.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. இரண்டாம் மாதம் பணம் வந்தது. மகள் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அப்பாவிடம் காட்டியபோது அவன் அவள் தலையை வருடினான். மனைவி இருந்த பக்கம் திரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அவனோடு வேலை செய்கிறவர் வந்து நின்றார். நாலு பிள்ளைக்காரர். தங்கச்சி, அந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்பணும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கணவன் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். அவள் விளக்கிக்கொண்டே வந்து, மொத்தச் சம்பளத்தை ஒரு கட்டத்தில் எழுதச் சொன்னாள்.

“அங்க மொத்தத்தை எழுதக் கூடாது,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “பிடித்தம் போக வர்றதை எழுதணும். படிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது.”

அவன் அந்த விண்ணப்பத்தை எப்போது படித்தான் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை அடித்துத் திருத்தினாள்.