கருவாட்டுக் கை

என் அத்தான் யாகப்புவுக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. கொழும்புத்துறையில் கருவாடு போட்டு விற்றுக் காசு சேர்த்தவர். காசு சேர்ந்ததும் அறிவும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நினைப்பு. என் அக்காவும் அதை நம்பினாள். கட்டியவளுக்கு வேறு வழியில்லை.

சண்டை தொடங்கிக் கப்பல்கள் வராமல் போனதும், எங்கள் வேதக்கோயில் பூசையில் ஆண்டவருடைய இரத்தமாக வைக்கும் முந்திரிகை இரசம், அந்தத் திராட்சை மது, முடியத் தொடங்கியது. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் என்று சுவாமியார் ஒதுக்கிவிட்டார். இறந்தவர்களுக்கான பூசைகள் நின்றுபோயின. என் புருசன் வஸ்தியாம்பிள்ளை கடலில் மாண்டு, வருகிற மார்கழியோடு ஒரு வருசம். உடம்பு கிடைக்கவில்லை, அதனால் குழியும் இல்லை. ஆண்டுப் பூசை ஒன்றுதான் அவருக்கென்று நான் செய்யக்கூடியதாக இருந்தது.

அப்போதுதான் அத்தான் கிளம்பினார். இரசத்தைத் தானே போட்டுத் தருவதாகக் கோயில் முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் பதவியில் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். வீட்டில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் குலைகளை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நானும் ஒரு குலை விடாமல் வெட்டிக் கொடுத்தேன்.

சுவாமியார் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மசித்த பழத்தில் கெட்ட கிருமி சேராமல் முதலில் காக்க வேண்டும். அதற்குச் சாடிக்குள் கந்தகம் எரித்துப் புகை பிடிக்கலாம். இல்லையென்றால் பட்டணத்து இங்கிலீசு மருந்துக்கடையில் விற்கும் சல்பைற்றுத் தூளைப் போடலாம். தூள் என்றால் ஒரு சாடிக்குக் கத்தி நுனியில் நிற்கிற அளவுதான். கூடிப்போனால் சாறு பொங்காது, பொங்காவிட்டால் இரசமாகாது.

கந்தகம் வாணக்காரன் வேலை என்று அத்தான் முகத்தைச் சுளித்தார். தூளை அவர் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அது பார்க்க உப்பு மாதிரி இருந்தது.

பிறகு நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னாள். கத்தியை அவர் தொடவே இல்லையாம். ஒரு படை பழம், மேலே ஒரு பிடி தூள். பிறகும் ஒரு படை, ஒரு பிடி. பாரை மீனுக்கு உப்பிடுகிற அதே கை, அதே வேலை. மீனே இல்லாத ஊரில் பிறந்த சுவாமியாருக்குக் கெடாமல் காக்கிறதைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டாராம்.

மார்கழி பிறந்ததும் ஊர்ச்சனத்துக்கு முன்னால் சாடியைத் திறந்தார். நெருப்புக்குச்சி எரிந்த மணம் மூக்கைப் பிடுங்கியது. சுவாமியார் இருமிக்கொண்டு நாலடி பின்னால் போனார். கறுத்த பழத்தின் சாறு வெளிறி, வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. இது இரசமல்ல, இதை வைத்துப் பூசை செய்ய முடியாது என்றார் சுவாமியார். ஊரில் வேறு பழமும் இல்லை.

அத்தானுக்கு வெட்கம் வந்தால்தானே.

"எண்டாலும் பாருங்கோ சுவாமி, இவ்வளவு நாளாகியும் கெட்டுப்போகேல்லை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனம் நிற்கிறது என்றும் பார்க்கவில்லை.

"ஓம் அத்தான், கெடாது. ஆண்டவற்றை இரத்தத்தையும் கருவாடாக்கிப் போட்டியள்."

வஸ்தியாம்பிள்ளையின் ஆண்டு நாள் பூசையில்லாமல் போனது. வீட்டில் நாலு பேர் கூடிச் செபமாலை சொன்னோம். அத்தானும் வந்தார், செத்தவீட்டு முகத்தோடு. ஓலை உமலில் கொஞ்சம் கருவாடு கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிப் போனார்.

எல்லாரும் போன பிறகு ஒரு துண்டைச் சுட்டு வாயில் வைத்தேன். உப்பு அத்தனை அளவாக இருந்தது. காசுக்கு விற்கிற மீனென்றால் அந்தக் கைக்கு அளவு தெரிகிறது. முற்றத்தில் துப்பிவிட்டு, அந்த ஒரு வருசமாக அழாத அழுகையையெல்லாம் இருந்து அழுதேன்.