குமிழ் இல்லாத ரேடியோ

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

2008 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கணவர் பூவனலிங்கம் அடுக்களை வாசலில் வந்து நின்று, "வாங்கலாமாட்டி, வேண்டாமா?" என்று கேட்டார். பதினான்கு மாதமாகக் கேட்கும் கேள்வி. அவர் குளிக்கப் போனதும் நோட்டை எடுத்தேன். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளில் நான்கு கதை எழுதியவள் நான். வீட்டில் முடிவெடுக்காத மனுஷரைக் கதையிலாவது முடிவெடுக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

முதல் வரி: "பூவனலிங்கம் ஒரு ரேடியோப் பைத்தியம்." [அடித்துவிட்டேன். பெண்டாட்டியே இப்படித் தொடங்கினால் வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்.]

இரண்டாவது: "கரிசல் காட்டு வெயிலில்" [வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?]

நேராகப் பொருளுக்கே வந்துவிடுகிறேன். அது ஒரு ரேடியோ. ஆனால் திருகக் குமிழ் கிடையாது, முள் கிடையாது, ஸ்பீக்கர்கூடக் கிடையாது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால், நிலையம் பிடிக்கும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அந்த நேரம் வானத்தில் வரும் அலைகளெல்லாம் திரையில் நிறம் நிறமாக, கோடு கோடாக விழும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். சுங்க வரியோடு சேர்த்தால் அவருடைய ஆறு மாதச் சம்பளம்.

2

பாத்திரமாகக்கூட அவர் உருப்பட மாட்டேன் என்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாக நூற்பாலையில் நூல் முறுக்கும் ரிங் பிரேம் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தால் சிற்றலை ரேடியோ. தூர தேசத்து நிலையத்தைப் பிடித்து, எப்படிக் கேட்டது என்று கடிதம் போட்டால், அவர்கள் நன்றி சொல்லிப் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அப்படி நானூறு அட்டை பீரோவில் என் சேலைகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. கதைக்கு ஒருவர் எதையாவது விரும்ப வேண்டும். இவர் திங்கள் விரும்புகிறார், செவ்வாய் விரும்பவில்லை.

நான் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது நடக்கும் பேச்சு இது:

"கரண்ட் இருந்தா டியூப்லைட் எரைச்சல்ல ஒண்ணும் பிடிபடாது. கரண்ட் போனா சுத்தமா இருக்கும், ஆனா கம்ப்யூட்டர் ஓடாதுல்லா."

"அப்ப வேண்டாம்."

"லேப்டாப்புன்னா ஓடும்."

"அப்ப வாங்குங்க."

"அடுத்த வருசம் இதவிட நல்லது வருதாம்."

"உங்க இஷ்டம்."

"ஒண்ணும் சொல்ல மாட்டக்க பாரு."

அந்த நேரத்தில் எனக்கு [இந்த வாக்கியத்தை முடித்தால் எந்தப் பத்திரிகையும் போடாது.]

(இதுவரை எழுதியதை அவர் வாசித்துவிட்டார். என் நோட்டு சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கும். "பேர மாத்திரலாமா?" என்றேன், நோட்டில் அந்தப் பேரைத் தொட்டுக் காட்டி. "மாத்தி என்ன செய்ய? கோவில்பட்டியில இந்தப் பெட்டிய வச்சி மல்லுக்கட்டுத ஆளு நான் ஒருத்தந்தான்" என்றார்.)

3

கார்த்திகையில் நாகலாபுரம் போனோம். அவருடைய சிநேகிதர் சண்முகராஜுக்கு அங்கே பருத்திக்காடு இருக்கிறது. அவரும் சிற்றலை கேட்பவர். பக்கத்தில் மின்கம்பம் இல்லாததால் இரைச்சல் இருக்காது. பழைய ரேடியோவிலேயே தூர நிலையம் கிடைத்துவிட்டால் புதுசு எதற்கு என்பது என் கணவர் யோசனை. எப்படியோ ஒரு முடிவு வரும் என்று நானும் கிளம்பினேன்.

காலை ஆறு மணி. முந்தின நாள் மழையில் கரிசல் செருப்போடு அப்பிக்கொண்டு வந்தது. உடைமரத்தில் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டி, சண்முகராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரேடியோக் குமிழைத் திருகினார்.

"அண்ணாச்சி, வந்துட்டான். பசிபிக் தீவுல்லா."

ஹெட்போனை இவர் தலையில் மாட்டிவிட்டு, கம்பியைச் சரிபார்க்கப் போனார். இவர் கண்ணை மூடிக் கேட்டார். தலையாட்டினார்.

"கேக்குது. பாட்டு போடுதான்."

நோட்டில் நேரத்தையும் "பாட்டு" என்றும் குறித்தார். எனக்கும் ஆசை வந்தது. வாங்கி மாட்டினேன்.

ஓர் ஆள் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். இரைச்சலுக்கு நடுவே கொப்பரைத் தேங்காய் விலைகூட எனக்கு விளங்கியது. பாட்டில்லை. முன்பு போய்க்கொண்டிருந்து இப்போது முடிந்திருக்குமோ என்று சண்முகராஜிடம் கேட்டேன்.

"இல்லையே மைனி, நான் பிடிச்சப்பவும் செய்திதான்."

ஹெட்போனைக் கழற்றி இவரிடமே கொடுத்தேன்.

4

திரும்பும் பஸ்ஸில் பக்கத்திலிருந்து, "பசிக்குதா?" என்று மூன்று முறை கேட்டேன். ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் பகுதியில் உள்ள பேச்சை மறுபடி வாசித்தேன். நீங்களும் வாசியுங்கள். என் வரிகளை எடுத்துவிட்டாலும் அவர் பேச்சு அப்படியே தொடர்கிறது. பதினான்கு மாதம் நான் சொன்ன பதில்களில் எத்தனை அவருக்குப் போய்ச் சேர்ந்தன என்று தெரியவில்லை. அவர் ஏன் திரையில் கோடாகத் தெரியும் ரேடியோ வேண்டும் என்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. [யார் மேல் என்று எழுதிப் பார்த்தேன். மில் என்று எழுதினேன், நான் என்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.]

சிரிப்புக் கதை இத்தோடு கெட்டது. மூன்றாம் பகுதியை எழுதினால் அவர் வாசிப்பார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அதை விட்டுவிட்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். பெட்டி வருகிறது, அவர் கோடுகளைத் தொட்டு ஊர் ஊராகப் பெயர் சொல்கிறார். [சினிமா.] திருநெல்வேலிக்குப் போகிறோம், டாக்டர் காதைச் சரியாக்குகிறார். [பொய். மில் இரைச்சலில் போனது திரும்பாது.]

நாலு நாள் கழித்து மூன்றாம் பகுதியை உள்ளபடி எழுதி, நோட்டை மேஜையிலேயே வைத்தேன்.

5

வாசித்துவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"பாட்டுன்னு நான் சொல்லல. பாட்டு மாதிரின்னேன்."

[திருத்தவில்லை.]

கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு வருசமாச்சு. மில்லுக்குத் தெரிஞ்சா கணக்க முடிச்சி அனுப்பிருவானுவ. நீ வேற பயப்படுவன்னு சொல்லல."

அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றேன். "டாக்டர்ட்ட போவோம்."

என் உதட்டையே பார்த்தார். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறாரோ.

"போனா காது மெஷின் வைக்கச் சொல்லுவாவ. நெட்டுல பாத்துட்டேன். ரெண்டு காதுக்கும் நல்லதா வச்சா, அதுவும் இந்தப் பெட்டியும் ஒரே வெலைதான். ஒண்ணுதான் முடியும். மெஷின் வச்சா நீ பேசுதது கேக்கும். ஆனா அது எரைச்சலையும் சேத்துல்லா கூட்டும், அந்தத் தீவுக்காரன் பேசுதது கேக்காது. பெட்டின்னா அவனக் கண்ணால பாக்கலாம்." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எத வாங்கட்டும்?"

பதினான்கு மாதம் ஒரு பெட்டியை வைத்து என் உயிரை எடுத்தவர், இப்போது இரண்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு என்ன கதை எழுத?

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்ன வேண்டும் என்றும் தெரியும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக ஒரே வார்த்தை சொன்னேன்.

"[                              ]"

அந்த இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்களோ எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவருக்கு அது கேட்டது.