மெனேஜரின் உண்ணி

ஜீவராணியின் வலது காதுக்குள் ஒரு திங்கட்கிழமை காலை சத்தம் தொடங்கியது. யாரோ காகிதத்தை நகத்தால் சுரண்டுவது போல இருந்தது. ஜிந்துப்பிட்டிச் சந்தில் எந்நேரமும் ஏதாவது சத்தம் இருக்கும் என்பதால், அவள் முதலில் பக்கத்து வீட்டு ஜவாஹிறாவின் தையல் மெஷினைத்தான் சந்தேகப்பட்டாள்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க ராத்தா," என்றாள் வாசலில் நின்று.

ஜவாஹிறா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். ஜீவராணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். சுரண்டல் நிற்கவில்லை.

"அப்ப அது ஒங்கட காதுக்குள்ளதான் ஈக்கி," என்றாள் ஜவாஹிறா. "எண்ணெய் கிண்ணெய் ஊத்த வாணாம். டொக்டர்ட்ட போங்க."

ஜீவராணிக்குப் போக நேரமில்லை. கொட்டாஞ்சேனையில் மூன்று கடைகளுக்கு இடியப்பம் அவிப்பது அவள் வேலை. கணவன் சந்திரகுமாரின் த்ரீவீலில் தட்டுகளோடு போய் இறங்குவாள். திரும்பி வரும்போது பின்சீட்டுக் குஷனில் தலையைச் சாய்த்துப் பத்து நிமிடம் தூங்குவாள். அவளுடைய நாளில் அதுதான் ஓய்வு. புதன்கிழமை அந்தத் தூக்கமும் போய், காது வலிக்கத் தொடங்கியது. சந்திரகுமார் வண்டியைப் பொரளையில் இருந்த காது கிளினிக் பக்கம் திருப்பினான்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். காதுக்குள் கருவியை வைத்துப் பார்த்தவர், திரையை ஜீவராணியின் பக்கம் திருப்பினார்.

"அம்மா, உள்ளுக்க ஒரு ஆள் இருக்கிறார். பாருங்கோ."

திரையில் தவிட்டு நிறத்தில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. அதன் கால்கள் மெதுவாக அசைந்தன.

"உண்ணி. செவிப்பறைக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஆடாம இருங்கோ."

மரத்துப்போக மருந்து விட்டு, சிறிது நேரம் பொறுத்து, மெல்லிய இடுக்கியால் அதைப் பிடித்து நிதானமாக இழுத்தார். சுரண்டல் நின்றுபோனது. மூன்று நாளுக்குப் பிறகு ஜீவராணிக்கு மின்விசிறியின் ஓசை தெளிவாகக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"வீட்டில நாய் வளக்கிறியளோ?"

"நாயா? வாசப்படிய மிதிக்கக்கூட விட மாட்டேன் டொக்டர்."

சந்திரகுமார் சுவரில் இருந்த கலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜீவராணி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க?"

"வீட்டுல இல்ல," என்றான் அவன். "வண்டியில."

ஐந்து மாதமாகவே நடக்கிற கதை அது. சந்து முனையில் இருந்த த்ரீவீல் ஸ்டாண்டில் ஒரு செம்மண் நிற நாய் இருந்தது. எந்த வண்டியின் முறை என்று பார்ப்பது போல உட்கார்ந்திருக்கும் என்பதால் டிரைவர்கள் அதற்கு மெனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். சந்திரகுமார் மத்தியானம் சோறு போடுவான். அது சாப்பிட்டுவிட்டு அவனுடைய பின்சீட்டில் ஏறித் தூங்கும்.

"என் குஷன்லயா?"

"அதுக்கு அந்தக் குஷன்தான் புடிச்சிருக்கு."

டாக்டர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல், தலையிடி, உடம்பில சிவப்புப் புள்ளி ஏதும் வந்தா உடன வாங்கோ. உண்ணி கடிச்சதெண்டு முதல்லயே சொல்லுங்கோ. வீட்டில படுத்துக்கொண்டு டெங்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. அந்த நாயையும் பாக்க வேணும். இல்லாட்டித் திரும்ப வரும்."

ஜீவராணி நேரே ஸ்டாண்டுக்குப் போனாள். நாயைத் துரத்துவதாகத்தான் நினைப்பு. மெனேஜர் வண்டி நிழலில் படுத்திருந்தது, அவளைக் கண்டும் எழவில்லை. குனிந்து பார்த்தாள். அதன் காது மடல்களுக்குள் உண்ணிகள் அடை அடையாக அப்பியிருந்தன.

ஒரு மடலை விரலால் விரித்துப் பார்த்தாள்.

"ஒன்னு பூந்ததுக்கே நான் மூணு நாளு தூங்கல," என்றாள். "இது எப்பிடிங்க கெடக்குது? தூக்குங்க."

அன்று மாலையே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். நாயின் ஈறு வெளுத்திருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தவர் உண்ணிக் காய்ச்சல் என்றார். நாலு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, உண்ணி சாக முதுகில் மருந்து விட்டார். வண்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். பழைய குஷனை எறிந்தார்கள். ஜவாஹிறா ரெக்சினில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

மெனேஜரை வீட்டு வாசலில் படுக்க வைத்தார்கள். முதல் நாலு நாளும் அது சாப்பிடவே இல்லை. ஜீவராணி மீன் துண்டுக்குள் மாத்திரையை வைத்து, வாயைத் திறந்து, தொண்டையைத் தடவி விழுங்க வைத்தாள். ஐந்தாம் நாள் காலை, வண்டியில் ஏற்ற வைத்திருந்த தட்டு ஒன்று சரிந்து விழுந்தது. அவள் திரும்புவதற்குள் இருபது இடியப்பத்தையும் மெனேஜர் தின்று தீர்த்திருந்தது.

"சாப்பிட்டுட்டான்! எல்லாத்தையும் சாப்பிட்டுட்டான்!"

அவள் போட்ட சத்தத்தில் சந்தே வெளியே வந்தது. டிரைவர்கள் சிரித்தார்கள். ஜவாஹிறா தன் வாசலில் தள்ளியே நின்று, "சொதியும் ஊத்தி இருக்கலாமே," என்றாள்.

ஜீவராணிக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. மாத்திரை முடிந்ததும் நாயை மறுபடி காட்டப் போனார்கள். எடை கூடியிருந்தது, ஈறு சிவந்திருந்தது. அட்டை எழுதிய பெண் உரிமையாளர் பெயரைக் கேட்டாள். சந்திரகுமார் வாயைத் திறந்தான்.

"ஜீவராணி," என்றாள் அவள் முந்திக்கொண்டு. "எழுதிக்குங்க."

திரும்பும் வழியில் பொரளைச் சந்தியில் சிக்னல் விழுந்தது. மெனேஜர் அவள் மடிமேல் ஏறி வெளியே தலையை நீட்டி, பக்கத்தில் நின்ற பஸ்ஸைப் பார்த்துக் குரைத்தது. பஸ் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் கையாட்டினார்கள்.