தோளுக்கு ஒரு ரப்பர் மெத்தை

என் பெயர் கெட்டது கேரம் டவுன்ஸ் கோயிலில்தான். என் மனைவி தாட்சாயினியின் சேலைத் தலைப்பு விலகியபோது, அவளுடைய வலது தோளில் கன்றிப்போயிருந்த நீலத்தைச் சிவசோதி அன்ரி கண்டுவிட்டா. பிறகு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"அது துவக்கு இடிச்சது அன்ரி," என்றாள் தாட்சாயினி. "சனிக்கிழமையில மண்தட்டைப் பறக்கவிட்டுச் சுடுற கிளப்புக்குப் போறனான்."

"மனிசனைக் காப்பாத்த இப்பிடியும் ஒரு கதையோ பிள்ளை?"

உண்மையைச் சொன்னாலும் நம்பாவிட்டால் நான் என்னதான் செய்வது! கோபத்தோடு அடுத்த நாளே தாட்சாயினியைக் கூட்டிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனேன். சுடும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கும். அந்த அடியைத் தாங்க, தோளில் அணைக்கும் அடிக்கட்டையில் ஒரு ரப்பர் மெத்தை பொருத்துவார்கள். கடைக்காரர் மூன்று தடிப்பில் எடுத்து வைத்தார். நடுவில் இருந்தது போதும் என்றாள் அவள். நான் விடுவேனா? மானம் போவது எனக்கல்லவா! இருந்ததிலேயே தடித்ததை வாங்கினேன்.

அங்கேதான் பிழைவிட்டேன். தடித்த மெத்தையால் துவக்கு நீண்டுபோனது. தாட்சாயினிக்கோ கை கட்டை. துவக்கு தோளில் அணையாமல் வழுக்கி மேற்கையில் இடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது நீலம் ரவிக்கைக் கைக்குக் கீழே, ஊருக்கே தெரியும் இடத்தில் இருந்தது.

அன்ரி என்னைச் செருப்பு வைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனா. "தம்பி, இது ஒஸ்ரேலியா. ஒரு போன் அடிச்சால் பொலிஸ் வீட்டு வாசல்ல நிக்கும்." அரை மணித்தியாலம் ஏச்சு வாங்கினேன்.

திரும்பவும் கடைக்குப் போனோம். இந்தமுறை நான் வாயே திறக்கவில்லை. கடைக்காரர் காட்டியபடி அவள் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விசைக்கு விரல் சுகமாக எட்டுகிறதா என்று பார்த்து, நடு மெத்தையைத் தெரிவுசெய்தாள். சனிக்கிழமை இருபத்தைந்து தட்டில் இருபதை நொறுக்கினாள். கன்றல் ஒரு பொட்டுக்கூட இல்லை. எனக்கு உயிரே திரும்பி வந்தது.

மூன்று வாரத்தில் பழைய நீலமும் ஆறிவிட்டது. கோயிலில் அன்ரி அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு என் முதுகில் தட்டி, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னா: "நான் அண்டைக்குக் குடுத்த பேச்சில பெடியன் திருந்திட்டான்."

தாட்சாயினி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துவக்கு, மெத்தை என்று விளக்கப் போய், பாதியில் விட்டுவிட்டேன்.

"ஓம் அன்ரி," என்றேன். "இனிக் கை வைக்க மாட்டன்."