வாடகைக்கு விடாத பெயர்

பார்க்கக் கூடாது என்று பெர்னாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் முடிச்சை அவிழ்த்தாள்.

கொடி கட்டில் மேல் கிடந்தது. சிவப்புத் துணிச் சுருள், அதைச் சுற்றி மூன்று சுற்று தூண்டில் நூல். நேற்றுச் சாயங்காலம் கேப்டன் ஆல்ட்ரிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நாளைக்குப் படகு தண்ணியத் தொடற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. நீயும் சேத்துத்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

விண்ட்வார்டு கிராமத்தில் புதுப் படகுக்கு ஒரு ஞானத்தாய் உண்டு. இந்த முறை அது பெர்னா. அடிமரம் கடலைத் தொட்டதும் கொடியை விரித்து, படகின் பெயரை ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டியது அவள். அதுவரை பெயர் படகுக்காரனுக்கும் கொடி தைத்தவளுக்கும் மட்டும்தான் தெரியும். முன்னாடியே யாராவது பார்த்துவிட்டால் படகு அடம்பிடிக்கும் என்பார்கள்.

அடம்பிடிக்கட்டும். பெர்னாவின் கைப்பையில் மூன்றரை மணிக் கப்பலுக்கு டிக்கெட் இருந்தது. அதில் ஏறினால் கிரெனடா, அங்கிருந்து விமானம், நாளை இந்நேரம் இங்கிலாந்தில் அக்கா வீடு. ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்து வைத்துவிட்டு, அக்கா ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆல்ட்ரிக்கிடம் பெர்னா இதைச் சொல்லவில்லை.

அவள் கணக்கு எளிமையானது. கொடியில் பழைய பெயரே இருந்தால் கிளம்புவது. வேறு எந்தப் பெயராக இருந்தாலும் இருப்பது. 'பெர்னடீன்' என்று தன் முழுப் பெயராக இருக்க வேண்டும் என்றுகூட அவள் ஆசைப்படவில்லை. 'கடல்நாரை' என்று இருந்தாலும் போதும்.

சுருளை விரித்தாள்.

நீல நூலில், முழ நீள எழுத்துக்களில் இருந்தது: லியோனோரா.

ஆல்ட்ரிக்கின் மனைவி. இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. புயல் தூக்கிக்கொண்டு போய்ச் சதுப்புக் காட்டில் அடித்து உடைத்த பழைய படகின் பெயரும் அதுதான். அந்தப் படகில் பெர்னா ஆறு வருஷம் சமைத்தாள். கரியாகூ தீவைச் சுற்றி வரைபடத்தில் புள்ளியாகக்கூட இல்லாத மணல் திட்டுகளைத் தேடி வருகிறவர்களுக்கு அவள் வீட்டில் இரண்டு அறை, அவன் படகில் எட்டு இருக்கை. பயணிகள் போன பிறகும் ஆல்ட்ரிக் அவள் அடுக்களையில்தான் சாப்பிடுவான். ஊருக்கே தெரியும். ஊர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனும்தான்.

பெர்னா கொடியைச் சுருட்டி, தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டாள். பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஞானத்தாய் கடமையை முடித்துவிட்டு, சாப்பாட்டுக் களேபரத்தில் நழுவிவிட வேண்டியது. அவ்வளவுதான்.

"தாந்தி, ரெடியா?"

வாசலில் கெர்லின் நின்றாள். ஆல்ட்ரிக்கின் மகள், பத்தொன்பது வயது. அத்தை, சித்தி எல்லாருக்கும் இந்தத் தீவில் ஒரே சொல், தாந்தி. உரிமையோடு உள்ளே வந்தவளின் பார்வை நேராகக் கட்டில் ஓரத்துப் பெட்டிக்குப் போனது.

"பெட்டி எதுக்கு வெளிய இருக்கு?"

"தூசி தட்டினேன்."

"தூசி தட்டின பெட்டிக்குப் பூட்டு எதுக்கு?"

"உன்ன மாதிரி ஆளுங்க வந்து நோண்டுவாங்கன்னுதான்."

கெர்லின் சிரிக்கவில்லை. கொடிச் சுருளைக் கையில் எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"நாலு நாள் உக்காந்து தைச்சேன் தாந்தி. படகுக்கு என்ன பேருன்னு அப்பா சொன்னதும் ஒரு கேள்வி கேக்கணும்னு தோணிச்சு. கேக்கல."

"என்ன கேள்வி?"

"அத அவர்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுருளைப் பெர்னாவின் கையில் வைத்தாள்.

*

படகுக் கொட்டகையில் ஊரே திரண்டிருந்தது. விடியற்காலையில் வெட்டிய ஆடு மூன்று செம்புப் பானைகளில் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சைத் துவரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வெந்த வாசனை கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, ரம் புட்டி இருக்கும் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நடுவில் நின்றது படகு. நாற்பத்திரண்டு அடி, வெள்ளைச் சாயம், நீல விளிம்பு. பதினாலு மாசமாக ஆல்ட்ரிக் அதன் ஒவ்வொரு விலாவையும் காட்டில் மரம் தேடி, வளைவு பார்த்து வெட்டிக்கொண்டு வந்ததைப் பெர்னா தன் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். மழைக் காலத்தில் அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்து, அந்தச் சாக்கில் சாயம் பூசாத பலகையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"வெட்டுங்கப்பா" என்றார் ஈனோ. ஊரின் தலைமைத் தச்சர். குள்ளமான மனிதர், குரல் மட்டும் ஆறடி.

கோடரிகள் விழுந்தன. ஒரு பக்கத்து முட்டுக்கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கச் செதுக்க, படகு தூக்கம் வந்த குழந்தை போலச் சாய்ந்து உருளைகளின் மேல் படுத்தது. தடித்த கயிறு கடலில் போட்ட நங்கூரம்வரை போய், கப்பி வழியே திரும்பிக் கரைக்கு வந்தது. எண்பது பேர் அதைப் பிடித்தார்கள். பெர்னா வீட்டு விருந்தாளிகளான கனடா தம்பதி டெனியும் மோடும்கூடப் பிடித்தார்கள். கடலுக்கடியில் குமுறிக்கொண்டிருக்கும் எரிமலையின் தலைக்கு மேலே படகில் போக வேண்டும் என்று ஒன்பது நாளாகக் காத்திருப்பவர்கள்.

பாட்டு எழும்பியது. இழுத்தார்கள். படகு ஐந்தடி போயிற்று. பத்தடி. பிறகு நின்றது.

மறுபடி இழுத்தார்கள். கயிறு முறுகியது. படகு அசையவில்லை.

"நிறுத்துங்க" என்றார் ஈனோ. சாவகாசமாகப் படகைச் சுற்றி வந்தார். "யாரோ கொடியைப் பாத்திருக்காங்க."

கூட்டத்தை ஒரு முறை நோட்டம் விட்டார்.

"ஃபிட்ஸ்ராய், நீயா?"

"கண்ணாடி இல்லாம எனக்கு என் பொண்டாட்டியவே தெரியாது. கொடி எங்க தெரியப் போகுது?" என்றார் கடைக்கார ஃபிட்ஸ்ராய்.

"அதான் பக்கத்து வீட்டுல நுழைஞ்சியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கயிறே குலுங்கும்படி சிரித்தார்கள்.

டெனி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "ஐயா, மூணாவது உருளை மணல்ல புதைஞ்சிருக்கு. அதான் போகல."

"அது எனக்கும் தெரியும் தம்பி. ஏன் புதைஞ்சுதுன்னுதான் கேக்கறேன்."

பெர்னா மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. இப்போதே திரும்பி நடந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடலாம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லார் பார்வையும் ஆல்ட்ரிக் மேல் இருந்தது. அவன் படகின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது மாதிரி நின்றிருந்தான். படகு இன்றைக்கு இறங்காவிட்டால் ஊர் ஆயிரம் பேசும். அவன் எதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பான்.

"நான்தான்" என்றாள் பெர்னா.

கயிற்றைப் பிடித்திருந்த எண்பது பேரும் திரும்பினார்கள். ஆல்ட்ரிக்கும் திரும்பினான்.

"பாத்தியா?"

"காலைல பாத்தேன். திரும்பக் கட்டி வெச்சுட்டேன்."

"எதுக்கு?"

எண்பது பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. பரவாயில்லை, மூன்றரைக்குப் பிறகு இவர்களில் யார் முகத்திலும் விழிக்கப் போவதில்லை.

"சாயங்காலக் கப்பலுக்கு டிக்கெட் வெச்சிருக்கேன். எங்க அக்கா வீட்டுக்கு. போறதா இருக்கறதான்னு தெரியல. கொடியப் பாத்தாத் தெரிஞ்சுடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

ஆல்ட்ரிக் பக்கத்திலிருந்த கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி, அதற்குள் பதில் இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கெர்லின்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் கேக்க நெனச்சது இதுதான்ப்பா. ஏன் தாந்தி பேரை வெக்கல?"

"வெக்கலாம்னுதான் பாத்தேன்" என்றான் ஆல்ட்ரிக், தொப்பியிடம். "மூணு மாசம் யோசிச்சேன். அப்பறம் இந்தப் படகு என்ன பண்ணப் போகுதுன்னு யோசிச்சேன். கண்டவனும் போன் பண்ணி, 'பெர்னடீன் இன்னிக்குக் காலியா, எத்தன பேரை ஏத்துவா'ன்னு கேப்பான். துறைமுகத்துல நின்னு, 'பெர்னடீனுக்கு அடில ஒழுகுது, சுரண்டிச் சாயம் அடிக்கணும்'னு கத்துவான். லியோனோரா போய்ச் சேந்துட்டா. அவ காதுல விழாது. விழுந்தாலும் சிரிப்பா. உயிரோட இருக்கறவ பேரை நாள் வாடகைக்கு விட எனக்கு மனசு வரல, பெர்னா."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாதிரியாராக இருக்கலாம்.

பெர்னாவுக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷக் கோபம். அதற்கு நடுவில் சிரிப்பும் வந்தது தொல்லையாக இருந்தது.

"இத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்பிடித் தெரியும்? கஞ்சி குடிக்கற சத்தத்த வெச்சா?"

"அவன் அப்பனும் இப்பிடித்தான்" என்றார் ஈனோ. "கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கப் போயி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பேசிட்டுத் திரும்பி வந்தான். சரி, மத்தத அப்பறம் பேசுங்க. கறி ஆறுது. பெர்னா, பாத்தவங்கதான் முன்னாடி நின்னு இழுக்கணும். செருப்பக் கழட்டு."

வெள்ளைக் கவுனின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெர்னா கயிற்றின் தலைமாட்டுக்குப் போனாள். மணல் சுட்டது. எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஈனோவின் ஆட்கள் இரண்டு பேர் மூன்றாவது உருளையின் அடியில் மண்வெட்டியால் வழி செய்துவிட்டிருந்தார்கள். அதை அவள் பார்த்தாள். ஈனோவும் அவள் பார்த்ததைப் பார்த்தார். இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

பாட்டு மறுபடி எழும்பியது. பெர்னா இழுத்தாள். பதினாலு மாசம் ஜன்னலில் நின்று பார்த்த பலகைகள் அத்தனையும் அவள் தோளில் வந்து உட்கார்ந்தன. கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. பின்னால் எண்பது பேர் மூச்சு வாங்கினார்கள். திடீரென்று பாரம் விட்டுப்போனது. படகு உருளைகளின் மேல் இடி மாதிரி உருண்டு, கரையின் சரிவில் வேகமெடுத்து, நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கி நிமிர்ந்தது. அதற்குள் ஆல்ட்ரிக் அதன் மேல் தொற்றிக்கொண்டு ஏறியிருந்தான்.

கெர்லின் கொடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெர்னா தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், தொடை, இடுப்பு. கவுன் அவளைச் சுற்றி அல்லி இலை போல மிதந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடியை விரித்தாள்.

லியோனோரா தேவாலயப் பாட்டுக் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். சுருதி தப்பினால் முழங்கையால் இடிப்பவள். அவள் மேல் பெர்னாவுக்கு என்றைக்குமே வருத்தம் இருந்ததில்லை. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அது அவளுக்கே விளங்கியது.

"லியோனோரா" என்று கூவினாள். எதிரே இருந்த குட்டித் தீவுவரை கேட்டிருக்கும்.

கரை ஆர்ப்பரித்தது. டெனியும் மோடும் யாரென்று தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். முரசு தொடங்கிவிட்டது. படகின் விளிம்பில் குனிந்து, ஆல்ட்ரிக் கையை நீட்டினான்.

"போகாத, பெர்னா."

"கேக்கல."

"போகாத." இந்த முறை முரசுக்காரனே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "என் கூட இரு. வீட்டுல. கல்யாணம் பண்ணிட்டு."

"அடேங்கப்பா, ஒரே மூச்சுல மூணு வாக்கியம்" என்றார் கரையிலிருந்து ஃபிட்ஸ்ராய்.

பெர்னா நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டாள். அழுகையா கடல் தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாத நல்ல இடத்தில் நின்றிருந்தாள்.

"இருக்கேன்" என்றாள். "முதல்ல ஏணியப் போடு. கையப் பிடிச்சுத் தூக்கிப் போட நான் என்ன சூரை மீனா?"

ஆல்ட்ரிக் திரும்பிப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். புதுப் படகில் பாய்மரம் இருந்தது, சுக்கான் இருந்தது, எட்டு இருக்கையும் இருந்தது. ஏணி மட்டும் இன்னும் செய்யவில்லை.

ஒரு கணம் தலையைச் சொறிந்தான். பிறகு கல்யாணச் சட்டை போலத் தேய்த்துப் போட்டிருந்த சட்டையோடு, அவள் பக்கத்தில் தொப்பென்று குதித்தான்.